பரதேசி

நம்மூரில் 'பரதேசி' என்றால் திட்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் அது ஒரு யூத ஜெப ஆலயத்தின் பெயர். ஸ்பெயின் முதலான தூர தேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் 1568-ல் கட்டியது. இடம் கொடுத்தவர் கொச்சி ராஜா, அதுவும் தன் அரண்மனைக்கும் பகவதி கோயிலுக்கும் பக்கத்திலேயே! 1662-ல் போர்ச்சுகீசியர் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் காலத்தில் சீரமைத்தார்கள்.

1948-ல் இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அதற்கே ஆளில்லாமல் போனது. மிஞ்சிய முதியவர்களைக் காட்சிப்பொருள்போலப் பார்த்துவிட்டுப் போன பயணிகளும் உண்டு.

தரையெல்லாம் கையால் வரைந்த சீன ஓடுகள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சனிக்கிழமை ஓய்வுநாள், போகாதீர்கள்.

வெளிநாட்டில் நாமும் பரதேசிகள்தானே? இங்கே நம் கோயிலுக்கு வேடிக்கை பார்க்க வருகிறவர் எப்படி நடக்கவேண்டும் என்று நினைக்கிறோமோ, அங்கே நாமும் அப்படியே நடப்போம்.