ஜெபப்புத்தகம் வடக்கே வந்த வழி

என் அம்மா சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா திருமங்கலம். இரண்டும் ஒரே ரயில் பாதையில் உள்ள ஊர்கள்தான்; ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டுக்கும் வெகு தூரம். அம்மா வீட்டார் சி.எம்.எஸ். சபை, அதாவது ஆங்கிலிக்கன். அப்பா வீட்டார் அமெரிக்கன் மிஷன். 1953-ல் கல்யாணமாகி வந்த அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வேதாகமத்தோடு ஒரு ஜெபப்புத்தகமும் இருந்தது. கறுப்பு அட்டை, ஓரமெல்லாம் செல்லரித்தது. அப்பா வீட்டில் அப்படியொரு புத்தகத்தை யாரும் வைத்துக்கொண்டதில்லை.

இராத்திரி ஜெபத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்கு மனதில் வந்ததைச் சொல்வார்: மழை, கடன், எதிர் வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல். அம்மா முழங்காலில் நின்று மனப்பாடமாகச் சொல்லுவாள். வந்த புதிதில் பெரியப்பா கேட்டாராம், "என்னம்மா, புஸ்தகத்தைப் பார்த்தா ஆண்டவர்கிட்ட பேசுறது?" அம்மா சொன்னாளாம், "எங்க ஆச்சிக்கு எழுத்தே தெரியாது அத்தான். ஆனா இந்த ஜெபம் முழுசும் தெரியும்."

எனக்கு வயது ஏற ஏற, அந்தப் பதிலுக்குள் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் இருப்பது புரிந்தது. அச்சடித்த ஜெபம் உயிரில்லாதது, உள்ளத்திலிருந்து வருவதுதான் விசுவாசம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். இந்தக் கரிசல் காட்டில் நடந்ததைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சி.எம்.எஸ். 1799-ல் லண்டனில் இங்கிலாந்து திருச்சபையின் சுவிசேஷ உணர்வுடையவர்கள் தொடங்கிய சங்கம். வேதம் முதலில், பிரசங்கம் அடுத்தது, மனந்திரும்புதல் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக நடக்க வேண்டும் என்பவர்கள். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் அவர்களுடைய ஊழியர்தான். ஆனால் ஜெர்மன் லுத்தரன். தன் உபதேசிமாருக்கு ஆங்கிலிக்கன் முறைப்படி குருப்பட்டம் கொடுப்பதிலும், அந்தச் சபையின் ஒழுங்குகளிலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1835-ல் சங்கம் அவரை விலக்கியது. சபைகள் இரண்டாகப் பிரிந்தன. 1838-ல் அவர் இறந்த பிறகே பெரும்பாலானவை மறுபடி ஒன்று சேர்ந்தன. ஆங்கிலிக்கன் ஒழுங்கை எங்கள் முன்னோர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அது சண்டைக்குப் பிறகு தங்கிய ஒழுங்கு. ஜெபப்புத்தகத்தைத் தமிழாக்கியவர்களில் ஒருவரான ராட்லரும் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிதான். செடி கொடிகளைச் சேகரித்துப் பெயரிட்ட தாவர அறிஞர் அவர். ஆங்கிலேயர் ஜெபங்களுக்குத் தமிழ் தேடியதும் அதே பொறுமையோடுதான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சாத்தூர், சிவகாசிப் பக்கம் இந்த ஜெபப்புத்தகம் வந்தது ராக்லந்தின் கூடாரங்களோடு. தாமஸ் கஜிட்டன் ராக்லந்து 1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் 1841-ஆம் வருஷக் கணிதத் தேர்வில் நான்காவதாக வந்தவர். சென்னையில் சி.எம்.எஸ். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அதை விட்டுவிட்டு 1854-ல் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு நண்பர்களோடு வட திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். பங்களா இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. கூடாரம் அடிப்பது, சுற்றியுள்ள கிராமங்களில் பேசுவது, பிறகு அடுத்த இடம். பின்னாளில் சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவான டபிள்யூ.டி. சத்தியநாதன் அவரோடு இந்த வெயிலில் அலைந்தவர்களில் ஒருவர்.

ராக்லந்தைப் பற்றி எமி கார்மைக்கேல் அம்மையார் 1922-ல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கோ அவரைவிட, தெற்கேயிருந்து முறை வைத்து வந்த உபதேசிமார்தான் பெரியவர்களாகத் தெரிகிறார்கள். தென் திருநெல்வேலிச் சபையார் தங்கள் காணிக்கையிலேயே அவர்களுக்குச் செலவு கொடுத்து, மாதக் கணக்கில் வடக்கே அனுப்பினார்கள். தேரிக்காட்டுப் பனையேறிகளின் காசில் கரிசல் காட்டுக்கு ஊழியம் நடந்தது. ராக்லந்து 1858 அக்டோபர் 22-ல் சிவகாசியில் இரத்தம் கக்கி இறந்தபோது அவர் கண்ட பலன் மிகக் கொஞ்சம். பக்கத்திலேயே சாட்சியாபுரம் எழுந்ததும், சபைகள் பெருகியதும் பிறகு.

அந்தச் சபைகளில் ஆராதனை எப்படி நடந்தது? குருப்பட்டம் பெற்ற ஐயர் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வருவார். அவர் வந்தால் ஞானஸ்நானம், நற்கருணை. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான். காலை ஜெபம், மாலை ஜெபம் இரண்டையும் நடத்தப் பட்டம் தேவையில்லை. புத்தகம் இருந்தால் போதும். இங்கிலாந்தில் வேறொரு காரணத்துக்காக உண்டான ஒழுங்கு, ஐயர் இல்லாத தமிழ்க் கிராமத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிட்டது. உபதேசியார் ஒரு வரி வாசிப்பார், சபை திருப்பிச் சொல்லும். பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், சங்கீதம், அந்தந்த வாரத்துக்குரிய சுருக்க ஜெபம். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, படிக்காத கிழவிக்கும் அது பாடம். உபதேசியாரின் பிரசங்கம் அன்றைக்குச் சரியாக அமையாவிட்டாலும் சபை வெறுங்கையோடு வீட்டுக்குப் போகாது. மனதில் தோன்றியதை நாலு பேர் முன் சொல்ல ஒரு பேச்சுத் திறன் வேண்டும். படிப்பு வாசமே படாத பெண்களுக்கு, கோயிலில் வாய் திறந்து கடவுளிடம் பேசும் உரிமையைக் கொடுத்தது இந்தப் புத்தகம். ஆச்சி அதை விட்டுக்கொடுக்காததற்கு அதுதான் காரணம்.

அப்பா பக்கத்துக் கதையும் குறைந்ததல்ல. அமெரிக்கன் மிஷன் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. பேராயர் கிடையாது, ஜெபப்புத்தகம் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும். ஆனால் இவர்கள் கொடுத்த ஒன்றை என் அம்மா வீட்டாரும் வாங்கிக்கொண்டார்கள்: கீர்த்தனை. ஐரோப்பிய மெட்டில் தமிழ் முறிந்து முறிந்து விழுவதைக் கேட்ட திண்டுக்கல் எட்வர்ட் வெப், தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடிப் போய், 1850-களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். ராகம், தாளத்தோடு கோயிலில் பாடலாம் என்று ஆனது அப்போதுதான். அம்மா ஐரோப்பிய மெட்டுப் பாமாலையும் அப்பா கீர்த்தனையும் கொண்டுவந்தார்கள் என்று வீட்டில் சொல்வோம். கணக்குப் பார்த்தால் இரண்டும் இரண்டு வீட்டிலும் இருந்தன.

இந்த இரண்டு ஓடைகளும் சேர்ந்ததில் மதுரைக்குப் பங்கு உண்டு. வெள்ளாளன்விளை அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். அவருடைய நெருங்கிய நண்பர் ஷெர்வுட் எடி, வத்தலக்குண்டில் ஊழியம் செய்த அமெரிக்கர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். எடியும் இன்னொருவரும் தவிர எல்லோரும் இந்தியர். அசரியாவும், அமெரிக்கன் மிஷன் சபைகளும் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையின் வேதநாயகம் சந்தியாகும் முன்நின்று விடுத்த அறைகூவல், பிரிந்து கிடப்பதற்கான காரணங்கள் நம் நாட்டில் உண்டானவையல்ல என்பதை வெளிப்படையாகச் சொன்னது. பிறகு 28 வருஷப் பேச்சுவார்த்தை. அசரியா 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததை அவர் பார்க்கவில்லை.

மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு முதல் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின், 37 வயது. ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன். பேராயரையே அறியாத அமெரிக்கன் மிஷன் சபைகளும், சிவகாசி சி.எம்.எஸ். சபைகளும், இன்னொரு ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.ஜி.யின் இராமநாதபுரம் சபைகளும் அவர் கையில். பழகாத ஆராதனை முறையை எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை என்று ஐக்கியத்தின்போதே வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த வாக்கு இல்லாவிட்டால் என் பெரியப்பா மாதிரி ஆட்கள் அன்றைக்கே எழுந்து போயிருப்பார்கள்.

திணிக்காமல் ஒரு பொது ஒழுங்கு எப்படி உண்டாகும்? 1950 ஜனவரியில் சென்னையில் கூடிய திருச்சபையின் பொதுப் பேரவையான சினாட்டில் புதிய திருவிருந்து முறை முதன்முதல் நடத்தப்பட்டது. கேரளத்தில் ஊழியம் செய்த லெஸ்லி பிரவுன் என்ற ஆங்கிலிக்கன் அதை உருவாக்கிய குழுவைக் கூட்டியவர். ஜெபப்புத்தகத்தின் கட்டுக்கோப்பு இருந்தது. சொந்த வார்த்தைகளில் ஜெபிக்க இடமும் இருந்தது. குரு மேசைக்குப் பின்னால் நின்று சபையைப் பார்த்தார். கேரளத்துச் சிரியன் வழிபாட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்: சமாதானம் கொடுத்தல். கொடுப்பவர் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையில் வைக்க, இருவரும் இடது கையால் மற்றவர் கையை மூட வேண்டும். மேசையிலிருந்து தொடங்கி அது கையோடு கையாகக் கடைசி வரிசை வரை போகும். பின்னாளில் இங்கிலாந்து திருச்சபை முதல் உலகத்தின் பல சபைகள் சமாதானம் பரிமாறுவதற்கு இந்த முறை வழிகாட்டியது. 1963-ல் முழு ஆராதனைப் புத்தகம் வந்தபோது இது அதில் நிலைத்தது.

மதுரைச் சமவெளியில் ஒரு கை இன்னொரு கையைத் தொடுவது சாதாரணச் சடங்கல்ல. 1833-ல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதியைச் சபையிலிருந்து நீக்கச் சொன்னபோது தஞ்சாவூர்ச் சபைகள் கொதித்தன. 1847-ல் மதுரை மிஷனார் ஊழியர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டபோது, உபதேசிமார் பலர் வேலையை விட்டுப் போனார்கள். இரண்டு மரபிலும் அதே புண். ஞாயிறுதோறும் பெஞ்சுக்குப் பெஞ்சு, தெருவுக்குத் தெரு தனியாக உட்கார்ந்த மக்களிடம், கையை நீட்டு என்றது 1950-ன் ஒழுங்கு. நான் 1971-ல் திடப்படுத்தல் பெற்ற நாளில், எனக்குச் சமாதானம் கொடுத்த அம்மாள் எங்கள் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாதவர். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

இப்போது எங்கள் ஆலயத்தில் அந்த இடம் வந்தால் நின்ற இடத்திலிருந்தே கும்பிடு போடுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு வந்த பழக்கம், அப்படியே தங்கிவிட்டது. சுகாதாரம் என்கிறார்கள்; கை கழுவினால் போயிற்று. கையைத் தொட்டுக் கொடுக்கும் முறையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிச் சேகரக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்திலும் எடுக்காவிட்டால் மறுபடி எழுதுவேன்.