மரபணு மாற்ற உணவு: காவிரிப் படுகை நுகர்வோர் பார்வை

மரபணு மாற்ற உணவு என்பது, வேறோர் உயிரினத்தின் மரபணுவை ஆய்வகத்தில் புகுத்தி உருவாக்கிய பயிரிலிருந்து பெறும் உணவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரத்தில் இதைப் பற்றிய விவாதம் கத்தரியில் தொடங்கி நெல்லுக்கு வந்தது.

காய்ப்புழுவைத் தடுக்க மண் பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பட்ட பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு இசைவளித்தது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்து கேட்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரு கூட்டமும் இல்லை. 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார்.

படுகையின் எதிர்ப்புக்கு முகமாக நின்றவர் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார். அவர் வழிவந்த நெல் ஜெயராமன் (மறைவு 2018) 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டார். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தின் நெல் திருவிழாவில் உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் தரப்படும். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தருவார். விதை யாருடையது என்ற கேள்வி இங்கே உண்பவருக்கும் உரியதாயிற்று. மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக் கவுனியும் நகரக் கடைகளுக்கு வந்தது இந்த விதை மீட்பின் கண்கூடான பயன்.

இந்தியாவில் வணிக அளவில் விளையும் ஒரே மரபணு மாற்றப் பயிர் பருத்தி; அதன் விதை எண்ணெய் சமையலுக்கும் போகிறது. பொட்டலத்தின் முகப்பில் ‘ஜி.எம்.’ என அச்சிட வேண்டும் என்ற விதி 2013 முதல் உள்ளது. உதிரியாக வாங்குபவருக்கு அது உதவாது.

நெல்லிலோ, 2025 மே மாதம், பயிரின் சொந்த மரபணுவையே மாற்றும் மரபணுத் திருத்தம் செய்த கமலா, பூசா டிஎஸ்டி அரிசி 1 ஆகிய நெல் வகைகள் அறிவிக்கப்பட்டன. இவற்றில் அயல் மரபணு இல்லை என்கிறது அரசு.