மான்களை எண்ணியது யார்?



உணவுச் சங்கிலியைக் கற்பிக்கும்போது நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்துவந்த வரைபடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கைபாப் என்னும் பீடபூமி இருக்கிறது. 1906-இல் அது மான்களுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஓநாய், மலைச்சிங்கம் முதலிய ஊனுண்ணிகள் கொன்றொழிக்கப்பட்டன. 4,000-ஆக இருந்த மான்கள் 1924-க்குள் ஓர் இலட்சமாகப் பெருகின. பின்னர் உண்ண இலையின்றி மடிந்தன. கோடு விறுவிறுவென மேலேறும். திடீரெனக் கீழே விழும். மாணவர்கள் உடனே புரிந்துகொள்வர்.

ஒருநாள் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, அந்த ஓர் இலட்சம் மான்களை எண்ணியது யார்?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. “நாளை சொல்கிறேன்” என்றேன். அந்த நாளை வருவதற்குப் பல மாதங்கள் ஆயின. விடையைத் தேடிய நான், கைபாப்பிலிருந்து வெகு தொலைவில் உள்ள வேறொரு காட்டிற்குப் போய்ச் சேர்ந்தேன். அக்காட்டின் வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

அந்த வரைபடத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஆல்டோ லியோபோல்ட். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1933 முதல் வேட்டை விலங்கு மேலாண்மையைக் கற்பித்த பேராசிரியர் அவர். ராஸ்முசென் என்பவர் 1941-இல் வெளியிட்ட படத்தைத் தழுவி, 1943-இல் அதனை மீண்டும் வரைந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் அதை வரையவில்லை. விஸ்கான்சினின் வேட்டைக்காரர்களை இணங்கவைப்பதற்காக வரைந்தார்.

விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதி கடுங்குளிர் நிலம். முற்காலத்தில் அங்கு வானளாவிய வெண்பைன் மரங்களும் ஹெம்லாக் மரங்களும் நிறைந்திருந்தன. அடர்நிழலில் இளஞ்செடிகள் குறைவு. ஆகையால் வெண்வால் மான்களும் குறைவாகவே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரவெட்டிகள் அக்காடுகளைத் தரைமட்டமாக்கினர். எஞ்சிய கழிவுகளில் தீ பரவியது. 1871 அக்டோபர் 8-இல் பெஷ்டிகோவில் மூண்ட தீயில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். சந்தைக்காக வேட்டையாடியோர் மான் இறைச்சியைத் தொடர்வண்டிகளில் ஏற்றி நகரங்களுக்கு அனுப்பினர். மான் இனமே அழிந்துவிடுமோ என மக்கள் அஞ்சினர்.

அந்த அச்சத்திலிருந்து சட்டங்கள் பிறந்தன. 1915-இல் ஆண் மானை மட்டுமே சுடலாம் என்னும் விதி வந்தது. தமிழில் ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் கூறுவோம் அல்லவா? பிணையைச் சுடுவது பெரும்பாவம் என்னும் எண்ணம் அம்மக்கள் மனத்தில் வேரூன்றியது. 1925 முதல் 1935 வரை ஓராண்டு விட்டு ஓராண்டு வேட்டையே தடைசெய்யப்பட்டது. ஓநாயைக் கொல்வோருக்கோ 1865 முதலே அரசு பரிசுப்பணம் வழங்கிவந்தது. வெட்டுண்ட நிலத்தில் ஆஸ்பென் முதலிய இளமரங்கள் முளைத்தன. மானுக்கு உணவும் வந்தது, காவலும் வந்தது, பகையும் குறைந்தது. எண்ணிக்கை பெருகாமல் என்ன செய்யும்?

சிக்கல் குளிர்காலத்தில் வெளிப்பட்டது. பனி ஆழமாகும்போது இம்மான்கள் செடார் மரங்கள் அடர்ந்த தாழ்நிலங்களில் கூட்டமாக ஒதுங்கும். அங்குள்ள இலைகளே பல வாரங்களுக்கு உணவு. 1930-களில் அவ்விடங்களில் மான் எட்டும் உயரம் வரை ஓர் இலைகூட இல்லாமற் போயிற்று. இளவேனிலில் பனி உருகியபோது, எலும்பும் தோலுமாய்க் கிடந்த மான்களைக் காட்டு அலுவலர்கள் கண்டனர். முதலில் இறந்தவை குட்டிகளே.

1942-இல் மக்கள் குழு ஒன்று இச்சிக்கலை ஆராய அமைக்கப்பட்டது. லியோபோல்ட் அதற்குத் தலைமை தாங்கினார். பிணைகளையும் சுட்டு மந்தையைக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. 1943-இல் அவர் மாநில இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினருமானார். அவ்வாண்டு நவம்பரில் முதல் நான்கு நாள் கிளைக்கொம்பு உடைய ஆண் மான்களையும், பின்னர் நான்கு நாள் கொம்பில்லா மான்களையும் சுட அனுமதி கிடைத்தது. கொல்லப்பட்டவை ஏறத்தாழ 1 இலட்சத்து 28 ஆயிரம். முந்திய ஆண்டில் ஏறத்தாழ 45 ஆயிரமே.

மக்கள் கொதித்தெழுந்தனர். நாற்பத்து மூன்றின் குற்றம் என்றே அந்த வேட்டையை அழைத்தனர். லியோபோல்டைத் தாக்குவதற்கென்றே விஸ்கான்சின் மான்களைக் காப்போம் என்னும் பெயரில் ஒரு செய்தித்தாள் கிளம்பியது. பேராசிரியரின் புள்ளிவிவரத்தை நாங்கள் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டனர். ‘எங்கள் காட்டில் மான் எத்தனை என்று எங்களுக்குத் தெரியாதா?’ என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டுகளில் ஆண் மான் மட்டும் என்ற பழைய விதியே திரும்பியது.

லியோபோல்ட் இளமையில் தென்மேற்கு மாநிலங்களில் வன அலுவலராக இருந்தபோது தம் கையாலேயே ஓநாயைச் சுட்டவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்கு நல்லது என்று அன்று எண்ணினார். அது பிழை என்பதை 1944-இல் எழுதிய கட்டுரையொன்றில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1948 ஏப்ரல் 21-இல், அண்டை நிலத்தில் பற்றிய தீயை அணைக்கச் சென்றபோது மாரடைப்பால் மறைந்தார். 1949-இல் கொம்பில்லா மான் வேட்டை மீண்டும் வந்தது. 1949, 1950, 1951 ஆகிய மூன்றே ஆண்டுகளில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட மான்கள் சுடப்பட்டன. ஆயினும் மான் இனம் அழியவில்லை. அதைக் காண அவர் இல்லை.

அப்படியானால் மான்களை எண்ணுவது எப்படி? உண்மையில் ஒவ்வொன்றாக எவரும் எண்ணுவதில்லை. வேட்டையாடிய மானைப் பதிவுசெய்ய வேண்டும் என்னும் விதி 1950-களில் வந்தது. பற்களைப் பார்த்து வயதை அறிந்தனர். சுடப்பட்ட ஆண் மான்களின் தொகை, வயது, ஆண் பெண் விகிதம் ஆகியவற்றைக் கொண்டு காட்டில் எத்தனை இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணித்தனர். குளிருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, தரையில் 18 அங்குலம் பனி உள்ள நாளுக்கு ஒரு புள்ளி, குறைந்த வெப்பநிலை சுழியம் பாரன்ஹீட் அல்லது அதற்கும் கீழே போன நாளுக்கு இன்னொரு புள்ளி. மொத்தம் 50-க்குக் கீழ் இருந்தால் மிதமான குளிர்காலம். 100-ஐ எட்டினால் மிகக் கொடியது.

இக்கணக்கில் ஏற்றமும் இறக்கமும் தொடர்ந்தன. 2000-ஆம் ஆண்டில் துப்பாக்கி வேட்டையில் மட்டும் 5 இலட்சத்து 28 ஆயிரம் மான்கள் மாநிலம் முழுவதும் சுடப்பட்டன; அது ஒரு சாதனை அளவு. 2013-14 குளிர்காலம் கொடியதாக அமைய, 2014-இல் வடக்கே பல மாவட்டங்களில் ஆண் மானை மட்டும் சுடும் விதி மீண்டும் வந்தது. 1960-அளவில் அற்றுப்போன ஓநாய்கள், 1970-களில் மினசோட்டாவிலிருந்து தாமாகவே திரும்பின. மான் குறைவதற்கு ஓநாயே காரணம் என்னும் பழைய வழக்கும் அவற்றோடு திரும்பியது. 2021 பிப்ரவரியில் மாநில வேட்டைக்காரர்களுக்கு 119 ஓநாய்கள் ஒதுக்கப்பட்டன. மூன்று நாளுக்குள் 218 கொல்லப்பட்டன. ஓநாயை உடன்பிறப்பாகப் போற்றும் ஒஜிப்வே மக்களுக்கு 81 ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் ஒன்றையும் கொல்லவில்லை.

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன். கைபாப்பில் அன்று மதிப்பிட்டவர்கள் சொன்ன தொகை 30,000 முதல் ஓர் இலட்சம் வரை வேறுபட்டது. பாடநூல்கள் பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டன. கிரேம் காக்லி என்னும் விலங்கியலாளர் 1970-இல் இந்த ஆதாரத்தின் வலுவின்மையைச் சுட்டிக்காட்டினார். பாடநூல்கள் சில அக்கதையையே கைவிட்டன. ஆனால் 2006-இல் வெளிவந்த ஆய்வொன்று கைபாப்பின் ஆஸ்பென் மரங்களின் வயதைக் கணக்கிட்டது. மான்கள் மிகுந்திருந்ததாகச் சொல்லப்பட்ட ஆண்டுகளில் முளைத்து வளர்ந்த மரங்கள் மிகக் குறைவு. எண்ணிக்கை ஐயத்திற்குரியது, மான்கள் மிகுந்திருந்தன என்பதற்கு மரங்களே சான்று.

மறுநாள் சொல்வதாகக் கூறிய விடையை அம்மாணவியிடம் ஒருவழியாகச் சொன்னேன். “யாரும் எண்ணவில்லையம்மா. மதிப்பிட்டார்கள். அதை நான் எண்ணியதுபோல் வரைந்துவிட்டேன்.” அவள் சிறிது சிந்தித்துவிட்டு, “அப்படியென்றால் கோட்டைப் புள்ளிப் புள்ளியாகப் போடலாமே ஐயா” என்றாள்.

இப்போது நான் அப்படித்தான் வரைகிறேன்.