முரசு அஞ்சல் கல்குடா வந்த வழி

மலேசியக் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், பொறியியல் படித்தவர். 1985இல் டாஸ் காலத்துக் கணினியில் தமிழை வரவைக்கும் வேலையில் இறங்கினார். மென்பொருளுக்கு முரசு என்று பேர். பிறகு அவர் நடத்திய சின்னக் கம்பனிக்கும் அதே பேர்.

அந்த நாளில் தமிழ் மென்பொருள் செய்த எல்லாருக்கும் ஒரே தலையிடி. ஒரு எழுத்துருவில் 256 இடம்தான். ஆளாளுக்கு விரும்பிய இடத்தில் விரும்பிய எழுத்தை வைத்தார்கள். ஒருவர் அடித்ததை மற்றவர் வாசிக்க அதே எழுத்துரு வேண்டும்.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் கல்குடாப் பக்கம் வேரூன்றியது பாமினி என்ற எழுத்துரு. வாழைச்சேனையில் மரண அறிவித்தலோ கோயில் நோட்டீசோ அடிக்கக் கொமினிகேசன் கடைக்குப் போனால் அதுதான். பழைய தட்டச்சுப் பொறியின் ஒழுங்கை ஒட்டியது. 'கல்குடா' என்பதற்கு எஃப், ஒய், அரைப்புள்ளி, பெரிய எஃப், எல், எச். ஆறு தட்டல், முடிந்தது. ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆறும் ஆங்கிலக் குப்பையாகவே கிடக்கும்.

முரசின் அஞ்சல் விசைமுறை ஒலியைப் பிடித்துக்கொண்டு போவது. கே, ஏ, எல், கே, யூ, டி, ஏ, ஏ: எட்டுத் தட்டல். கணக்குப்படி பாமினிக்காரர்தான் வெல்கிறார், கை பழகியவரோடு ஓடவும் முடியாது. ஆனால் அந்தக் கைப்பழக்கம் பயிற்சியில் வந்தது. அஞ்சலுக்கு அது வேண்டாம். ஆங்கில எழுத்துத் தெரிந்தால் போதும். தமிழ் எழுதுகிறவன் எதற்கு ஆங்கில எழுத்தைத் தேட வேண்டும் என்று முகம் சுழிப்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் இந்தக் குறை இல்லை. இருந்தும் அவசரத்துக்குப் பலரின் விரல் ஒலிமுறைக்கே போகிறது.

2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலியோடு சேர்ந்து முரசு 'செல்லினம்' வெளியிட்டது. கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி! கல்குடாக் கரையில் அந்தப் பொங்கல் நினைப்பு யாருக்கு இருந்தது? சுனாமி அடித்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. போரும் இன்னும் முடிந்திருக்கவில்லை. செல்லினம் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க, விலை குறைந்த ஸ்மார்ட் போன் வரவேண்டியிருந்தது. 2013இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 7இல் அஞ்சல் விசைப்பலகையை உள்ளேயே வைத்துக் கொடுத்தது. ஆனால் ஐபோன் வாங்க இங்கே எத்தனை பேரால் முடியும்? ஆண்ட்ராய்டுதான் வழி.

எழுத்துருச் சண்டையைத் தீர்த்தது, ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒரு எண் தரும் யூனிகோடு. தமிழுக்கு அதில் 1991இலேயே தனி இடம் ஒதுக்கியாயிற்று. நம் கைக்கு வந்து சேரத்தான் காலம் பிடித்தது. இப்போது கட்டாரில் இருக்கும் மகன் தகப்பனின் அந்தியேட்டி அழைப்பை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவான். கொமினிகேசன் கடையின் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு யூனிகோட்டுத் தமிழ் பிடிக்காது. ஆகவே அவன் எழுதியதைப் பாமினிக்கு மாற்றித்தான் அச்சடிக்கிறார்கள்.