பேருந்திலேயே போகலாம் ஒரு பாலைவனம்: தேரிக்காடு எங்கே இருக்கு, எப்படிப் போவது?

பாலைவனம் பார்க்க ராஜஸ்தான் வரைக்கும் ரயில் டிக்கெட் எடுக்க முடியாதவங்களுக்கு, தூத்துக்குடி மாவட்டத்திலேயே ஒரு செம்மணல் காடு இருக்கு. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்தில் பரந்து கிடக்கும் இதன் பெயர் தேரிக்காடு. இதில் பெரியது குதிரைமொழித் தேரி.

உண்மையிலேயே பாலைவனமா?

இல்லை. தார் பாலைவனத்தை விட இங்கே மழை அதிகம். ஆனால் பெய்யும் மழையை மணல் உடனே உறிஞ்சிவிடும். அந்தத் தண்ணீர்தான் தேரிக்குள் சுனையாக ஊறுகிறது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பெயரிலேயே அந்தச் சுனை இருக்கு. மணல் சிவப்பாக இருக்கக் காரணம், துகள்கள் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. பல ஆயிரம் ஆண்டுகளாகக் காற்று குவித்த மேடுகள் இவை. கற்கால மனிதர்களின் சிறு கற்கருவிகளும் இங்கே கிடைத்திருக்கின்றன.

எப்படிப் போவது?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கி.மீ. பேருந்துகள் அடிக்கடி உண்டு. திருநெல்வேலியிலிருந்து ரயிலும் இருக்கு. திருச்செந்தூரில் இறங்கி காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கம் போகும் நகரப் பேருந்தைப் பிடிக்கணும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. ஆக, பெண்களுக்குக் கடைசிக் கட்டம் இலவசம்!

முக்கியமான விஷயம்: கிராமத்துப் பேருந்துகள் குறைவு. இறங்கும்போதே திரும்பும் வண்டி எப்போன்னு கண்டக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. கடைசி வண்டியை விட்டா ஆட்டோ செலவில் பட்ஜெட் போச்சு.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். எந்த மாதமானாலும் காலையிலேயே போய், வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துடுங்க. மதியத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. உள்ளே கடை கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேணும்.

இதைவிட ஆபத்து, வழி தெரியாமல் போவதுதான். எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும், காற்று வீசினால் காலடித் தடமும் அழிஞ்சுடும். அதனால் கோயில் பாதையை ஒட்டியே நடங்க. காப்புக்காட்டுப் பகுதிக்குள் போக வனத்துறை அனுமதி தேவை. மணல் நகராமல் பிடித்து வைத்திருப்பதே பனையும் உடை மரமும்தான். அதை ஒடிச்சு தீ மூட்டுறது, பைக் ஓட்டி வீடியோ எடுக்கிறது எல்லாம் வேண்டாம்.

கார்த்திகை மாதக் கடைசியில் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டுத் திருவிழா. அன்று தேரி மண்ணையே பிரசாதமாக அள்ளிச் செல்வார்கள். அமைதியாகச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

திரும்பும்போது நேரம் இருந்தால் உடன்குடியில் இறங்குங்க. புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டி அங்கேதான். அங்கிருந்து மணப்பாடு கடற்கரையும் பக்கம்தான்.