கவி எழுந்த களங்கள்

இசை பிறந்த இடத்தைச் சென்று காணவேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்கு இயல்பானது. இங்கிலாந்திலே லிவர்பூல் நகரத்து மத்தியூ வீதியில் 'கவேர்ன்' என்றொரு நிலவறை இசைக்கூடம் 1957ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. பின்னாளில் உலகப் புகழ் எய்திய 'பீற்றில்ஸ்' குழுவினர், 1961 முதல் 1963 வரை அங்கு ஏறக்குறைய 300 முறை பாடினர். 1973இல் அக்கூடம் மூடப்பட்டது. மேலிருந்த கட்டடமும் இடிக்கப்பட்டது. ஆயினும், அவ்விடத்தை நாடி வருவோர் தொகை குறையவில்லை. 1984இல், பழைய செங்கற்கள் பலவற்றையும் சேர்த்து, அதே வீதியில் அதனை மீண்டும் எழுப்பினர். நியூயோர்க் நகரத்து 'ஃபில்மோர் ஈஸ்ற்' என்ற றொக் இசை அரங்கு, 1968 முதல் 1971 வரை மூன்றாண்டுகளே நடந்தது. அது இருந்த இடத்தைத் தேடிச் செல்வோரும் இன்றும் உளர்.

இத்தகைய இசைத்தலங்கள் கல்முனைக் கரையிலே இருந்தனவா? இருந்தன. ஆனால், அவற்றுக்குச் சுவரில்லை, கூரையில்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வயல்வெளிகளே அந்த அரங்குகள்.

விளைந்த பயிரைக் காக்கும் காவலாளி, இரவெல்லாம் பரண்மீது விழித்திருப்பான். யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிய அந்த நெடிய இரவிலே, உறக்கத்தை ஓட்டுதற்கு அவன் 'கவி' பாடுவான். நான்கடியில் அமைந்த இச்சிறு பாட்டுக்கு, அடுத்த வயற் பரணிலிருந்து எதிர்க்கவி எழும். மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளித்துக் காதலும் ஊடலும் உரைப்பதே பெரும்பாலும் அதன் பொருள். மச்சான் மச்சி உறவே மணவுறவாக மலரும் சமூகத்திலே, அச்சொற்கள் எத்துணை இனிமை பயந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு முற்றத்திலும் நெல் குத்துமிடத்திலும் பெண்களும் கவி பாடினர். பாடியவருள் எழுத்தறியாதோர் பலர். அவர்தம் கவியோ எழுத்தறிந்தோரையும் வியக்கவைத்தது.

அறுவடை முடிந்தபின் அரங்கு களத்துக்கு மாறும். எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதிக்கும் இரவுகளில், மாட்டை ஓட்டுவோர் பாட்டாலேயே களைப்பைப் போக்கினர். போடியாரும் கூலியாளும் அங்கே ஒரே பாட்டுக்குச் செவி கொடுத்தனர். அண்டையிலுள்ள தமிழ் ஊர்களின் வயல்களிலும் இவ்வழக்கம் இருந்தது. வரம்பு வயலைப் பிரித்தது, பாட்டைப் பிரிக்கவில்லை.

இவ்வரங்குகள் எவ்வாறு மறைந்தன? ஒரு நாளில் இடிக்கப்பட்டு மறைந்தவை அல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீர்ப்பாசனத்தை விரித்தது, காடுகள் வயல்களாயின. பின்னர் உழவு இயந்திரம் வந்தபோது எருமை களத்தைவிட்டு நீங்கிற்று. அறுவடை இயந்திரம் வந்தபோது களமே தேவையற்றதாயிற்று. 1980களில் மூண்ட போரினால், இரவில் வயற்புறம் தங்குவது உயிருக்கே ஆபத்தாயிற்று. 1990க்குப் பின் தம் காணிகளுக்குப் பகலிலும் செல்லவியலாதவர் பலர். விழித்திருப்பவன் இல்லாத இரவிலே பாட்டு ஏது?

கடலோர அரங்கொன்று மட்டும் வேறு வரலாறு உடையது. நாகூர் சாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவாகக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் கொடியேற்ற விழா நிகழ்கின்றது. பக்கீர்மார் றபான் கொட்டிப் பாடும் இடம் அது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இக்கரையின் குடிமனைகளைத் துடைத்தெறிந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் அங்கே கொடி ஏறிற்று. மக்கள் மீண்டும் கூடினால் அரங்கு மீண்டும் பிறக்கும் என்பதற்கு அதுவே சான்று.

வயற்கவிக்கு அவ்வாறு கூடும் நாள் இல்லை. எஞ்சியிருப்பன தொகுப்புகளே. பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்து, இந்நிலத்தின் நாட்டுப் பாடல்களை ஏட்டிலேற்றியது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் ஊர்களின் கவிகளைத் தேடித் தொகுத்தார். இவர்களது உழைப்பில்லையேல், பெருஞ்செல்வம் ஒன்று பாடியவரோடு மண்ணிற் புதைந்திருக்கும்.

இக்கரையிலுள்ள காரைதீவிலே 1892இல் பிறந்தவர் விபுலானந்த அடிகள். வழக்கொழிந்த யாழினைப் பழந்தமிழ் நூல்களின் துணைகொண்டு ஆராய்ந்து, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். கருவி அழிந்த பின்னும் அதனைப் பற்றிய சொல் ஏட்டில் நின்றமையால் அன்றோ அவ்வாராய்ச்சி கைகூடிற்று? கவி எழுந்த களத்துக்கும் அந்நீதியே பொருந்தும். பாட்டின் அடியை எழுதிவைத்தால் மட்டும் போதாது. எந்த வயலில், எந்த இரவில், எவ்வேலையின் நடுவே அது எழுந்தது என்பதையும் எழுதுதல் வேண்டும். லிவர்பூலிலே செங்கல்லாவது எஞ்சியது. இங்கே எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே. பாட்டனிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதிக்கொள்ளும் பேரப்பிள்ளையின் குறிப்பேடே, அந்தக் களங்களுக்கு நாட்டப்படும் நினைவுக்கல் ஆகும்.