விக்டோரியக் கால வார்ப்பிரும்புத் தோட்ட இருக்கைகள்: வடிவுரிமையும் படியெடுப்பும்

இங்கிலாந்தின் கோல்புருக்டேலில் 1709ஆம் ஆண்டு முதலாம் ஆபிரகாம் டார்பி கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். பானைகள் வார்த்த அவ்வாலை, ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின் இலைகளையும் மலர்களையும் வார்க்கலாயிற்று. அதன் பெரணி – பிளாக்பெர்ரி இருக்கை 1858இலும் நஸ்டர்ஷியம் இருக்கை 1866இலும் பதிவு பெற்றன. பெரணியைத் தெரிந்தெடுத்தது தற்செயலன்று. நத்தானியல் வார்டின் கண்ணாடிப் பேழைகள் வீட்டினுள் பெரணி வளர்ப்பதை எளிதாக்கின. 1855இல் சார்லஸ் கிங்ஸ்லி இவ்வேட்கைக்குப் பெயரே சூட்டினார்.

இவ்வடிவம் அலங்காரத்தோடு நின்றுவிடவில்லை என்பது நோக்கத்தக்கது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசைக்கும் அதிர்ச்சிக்கும் எளிதில் முறியும். எனவே தனித்து நிற்கும் இலை உதவாது. ஓரிலையின் நுனி அடுத்த இலையைத் தொடும்போது உருகிய இரும்பு பாய வழி கிடைக்கிறது; ஆறிய பின் வலிமையும் கூடுகிறது. மழைநீரும் இடைவெளிகளில் வடிந்துவிடும். இயற்கையை அவ்வாறே படியெடுப்பதை மறுத்தவர் கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர். தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற அவரே அங்ஙனம் மறுத்தது வியப்பிற்குரியது. செடியை நன்கறிந்தமையாலேயே அதன் வளர்ச்சி ஒழுங்கை மட்டும் அவரால் பிரித்தெடுக்க முடிந்தது எனலாம். 1867இல் பதிவான அவருடைய நீர்த்தாவர இருக்கை இதற்குச் சான்று.

டிரெஸ்ஸருக்குக் கிடைத்த பெயர் பலருக்கும் கிடைக்கவில்லை. 1842ஆம் ஆண்டின் வடிவுரிமைச் சட்டத்தின்கீழ்ப் பதிவேட்டில் இடம்பெற்றது உரிமையாளர் பெயரே. மர அச்சைச் செதுக்கியவரும் ஈரமணலில் அதை அழுத்தி வார்த்தவரும் அதில் இல்லை. உலோகப் பொருள்களுக்கு அச்சட்டம் அளித்த காப்பும் மூன்றாண்டுகளே. அமெரிக்க ஆலைகளை அது கட்டுப்படுத்தவுமில்லை. அங்கும் பெரணி இருக்கைகள் வார்க்கப்பட்டன.

இந்நிலையில் மூலத்தைப் போலியினின்று பிரிப்பது எங்ஙனம்? 1842 முதல் 1883 வரை வழங்கிய சாய்சதுரப் பதிவுக்குறியைப் பலர் முதற்சான்றாகக் கொள்வர். இது போதாது. பழைய இருக்கையையே மணலில் பதித்து வார்த்தால் குறியும் உடன் பதியும். நம்பத்தக்க சான்று அளவே. வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். மர அச்சைச் செய்வோர் அதற்கேற்பச் சற்றுப் பெரிதாகச் செய்வர். வார்ப்பிலிருந்தே படியெடுப்போருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரு மீட்டர் நீளத்திற்கு ஒரு சென்டிமீட்டர் குறைகிறது; படியின் படியில் இரண்டு. ஏடு பெயர்த்தெழுதுகையில் பாடம் திரிவதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. இலை நரம்புகள் மழுங்கும். குறியின் எழுத்துகளும் படிப்படியாகக் கலங்கும்.